ஐநூறு இலைக்கு மேல

சமையல் காண்ட்ராக்டர் ஆவுடையப்பனப் பத்திக் கேக்கணும்னு வந்தியளா? சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கிய. உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்குக் கால் ஆடும், இதுல உக்காருங்க. காப்பி போட்டுக் குடுக்க வீட்ல ஆளில்ல, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. வீட்டுக்காரி பகவதி மக வீட்ல இருக்கா, கல்லிடைக்குறிச்சில. மகளுக்குப் பேறுகாலம். தலப்பிள்ள. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தலப்பிள்ளைக்குப் பொண்ணப் பெத்த வீட்டுக்குத்தான கூட்டியாருவாவ, அம்மைக்காரி எதுக்கு அங்க போய்க் கெடக்கான்னு தெருவே கேக்கு. நீங்களும் மனசுக்குள்ள கேப்பிய. சொல்லுதேன். எல்லாம் அந்த ஆவுடையப்பன் இழுத்துவிட்ட வினைதான்.

ஒங்க மகளுக்கு ஆவணில கல்யாணம்னு போன்ல சொன்னிய. இலைக்கு எவ்வளவு சொல்லியிருக்கான்? இருநூத்தம்பதா? ஏத்திட்டான், பாத்தியளா. எனக்குச் சொன்னது இருநூத்தி இருவது. போன வருசம் தை மாசம், எங்க சங்கரி கல்யாணத்துக்கு. காலைல டிபன் தனி, மறுநாள் தேங்காப்பால் சொதிச் சாப்பாடு தனி, அதுல எல்லாம் ஒரு தகராறும் இல்ல. நான் இல்லாதத சொல்லமாட்டேன். தகராறு முகூர்த்தச் சாப்பாட்டுல. ஐநூறு இலை, கூடுனா அதே ரேட்டுன்னு எழுதிக் குடுத்தான். நானும் சரின்னேன். கூடுனான்னா என்ன, பத்து கூடும், இருவது கூடும். எந்த மனுசனும் அப்படித்தான நெனப்பான்? பில்லு எவ்வளவுக்கு வந்துச்சு தெரியுமா? அறுநூத்தி நாப்பது இலைக்கு. நான் கூட்டுறவு ஆடிட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எத்தன சொசைட்டி செக்ரட்டரிய அழ வச்சிருக்கேன். எங்கிட்டயே கணக்கு காட்டுதான்.

இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன். இல்லன்னா ஒங்களுக்கு வெளங்காது.

தாலி கட்டியாச்சு. பந்தி ஓடிட்டு இருக்கு. மூணாவது பந்தின்னு நெனைக்கேன். ஆவுடையப்பன் தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு வாரான். அவன் பேச்சு இருக்குல்லா, நம்ம வீட்டுப் பிள்ள பேசுத மாதிரி இருக்கும். அதுலதான் எல்லாரும் விழுந்துருதாவ. காதோரமா வந்து, அண்ணாச்சி, மாப்ள வீட்டு ஆளு கூடுதலாத் தெரியுது, ஐநூறத் தாண்டிரும், இன்னொரு உலை வைக்கட்டுமான்னு கேக்கான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பிள்ள கழுத்துல தாலி ஏறி மஞ்ச ஈரம் கூடக் காயல, அதுக்குள்ள பில்ல ஏத்துதான். வைக்காதன்னு சொல்ல முடியுமா? சம்மந்தி வீட்டு ஆளுங்க. வையி, ஆனா நான் எண்ணுவேன்னு சொன்னேன். சிரிச்சான். எண்ணிக்கிடுங்க அண்ணாச்சின்னு போயிட்டான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

எண்ணுவேன்னா எண்ணுவேன். ஒரு நாற்காலியத் தூக்கிட்டுப் போய் சாப்பாட்டு ஹால் வாசல்ல போட்டு உக்காந்துட்டேன். தாம்பூலத் தட்டுல பாக்குப் பொட்டலம் குமிஞ்சு கெடந்துச்சு. பத்து ஆளு உள்ள போனா ஒரு பொட்டலத்த எடுத்துச் சட்டைப் பையில போடுவேன். தப்பே வராது. நான் எத்தன குடோன்ல மூட்டை எண்ணியிருக்கேன். பகவதி வந்து, என்னங்க இது, மேடைல ஒங்களத் தேடுதாவ, போட்டோ எடுக்கணும்ங்காவன்னா. நீ போய் நில்லு, எனக்கு இங்க சோலி இருக்குன்னு அனுப்பிட்டேன். வந்தவங்க போனவங்க எல்லாம், என்ன மந்திரமூர்த்தி அண்ணாச்சி, வாசல்ல காவலான்னு கேட்டாவ. ஆமா, இந்தக் காண்ட்ராக்டர் கள்ளக்கணக்கு எழுதுவான், அதான் தலைய எண்ணுதேன்னேன். ஒளிவுமறைவு எதுக்கு? என் துட்டு. நான் எண்ணுதேன்.

அப்போ ஒரு சின்ன சங்கதி. சின்னதுதான். அத இவங்க எல்லாரும் ஊதி ஊதிப் பெருசாக்கிட்டாவ. சம்மந்தி குத்தாலிங்கம்னு பேரு, தங்கமான மனுசன். அவருக்கு ஒரு தங்கச்சி, வீரவநல்லூர்ல கட்டிக்குடுத்திருக்கு. அந்தம்மா இடுப்புல ஒரு குழந்தையோட உள்ள போச்சு. நான் எண்ணிட்டேன். கொஞ்ச நேரத்துல வெளிய வந்துச்சு. பொறவு திரும்பியும் உள்ள போச்சு. நான் என்ன செய்ய? ரெண்டு தடவ போனா ரெண்டு இலை ஆகும்லா? மதினி, நீங்க ஏற்கனவே சாப்பிட்டாச்சேன்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். மதினின்னுதான் கூப்பிட்டேன். அந்தம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. அப்படியே திரும்பிப் போயிட்டு.

பொறவுதான் சொல்லுதாவ, மொத தடவ இலைல உக்காந்த ஒடனே குழந்த வாந்தி எடுத்துட்டாம், சேலை எல்லாம் பாழாயிட்டாம், கழுவிட்டு மறுபடி சாப்பிடப் போனாளாம். இத அங்கனயே சொல்லியிருக்கலாம்லா? வாயத் தொறந்து சொன்னாத்தான எனக்குத் தெரியும்? ரோசப்பட்டுப் பட்டினியா ஊருக்குப் போனா அதுக்கு நான் பொறுப்பா?

அதுக்குப் பொறவு பாருங்க, கூட்டம் சட்டுன்னு கொறஞ்சுட்டு. வாசல் வழியா ஒண்ணு ரெண்டு பேருதான் வாராவ. எனக்கு மனசுக்குள்ள ஒரே சந்தோசம். நாம உக்காந்த ஒடனே திருட்டுக்கணக்கு நின்னுட்டு பாத்தியான்னு நெனச்சேன். கடைசிப் பந்தி முடியுத வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. பையில இருந்ததக் கொட்டிப் பாத்தா, முன்னால போன பந்திக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கையும் சேத்து, ஐநூத்தி இருபத்திரெண்டு.

சாயங்காலம் ஆவுடையப்பன் பில்லோட வாரான். அறுநூத்தி நாப்பது. பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. மண்டபத்து ஆபீஸ் ரூம்ல, நாலு பேரு முன்னால. எலேய், நான் கண்ணால எண்ணியிருக்கேன், எங்கிட்டயான்னு. நூத்திப் பதினெட்டு இலை எங்க போச்சு, ஒங்க ஆளுக வீட்டுக்குக் கட்டிக் குடுத்தியா, இல்ல வெறும் இலையக் கிழிச்சுப் போட்டுக் கணக்குல ஏத்துனியான்னு கேட்டேன். அவன் என்ன செய்யணும்? எதுத்துப் பேசணும். சண்டை போடணும். யோக்கியனா இருந்தா கோவம் வரணும்லா? ஒண்ணுமில்ல. பில்ல நாலா மடிச்சான். பொறவு, சரி அண்ணாச்சி, பிள்ள கல்யாணம், நீங்க எண்ணுனதே இருக்கட்டும்னான். நான் குடுத்தத வாங்கித் துண்டுல முடிஞ்சுக்கிட்டான். அண்டாவ எல்லாம் வண்டில ஏத்திட்டுப் போயிட்டான்.

எனக்கு அது தாங்கல. நான் ஜெயிச்சேன், ஆனா ஜெயிச்ச மாதிரியே இல்ல. தப்புப் பண்ணிட்டேன்னு அவன் வாயால ஒரு வார்த்தை வரலையே. அத எப்படியும் வர வச்சிரணும்னு ஒரு வருசமா மனசுக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்லுவேன். டீக்கடைல சொல்லுவேன். எல்லாரும் தலைய ஆட்டுவாவ. ஆட்டிட்டு, தன் வீட்டு விசேசத்துக்கு அவனையே கூப்பிடுவாவ. நம்ம ஊரு ஆளுகளுக்குச் சொரணை கெடையாது.

சங்கரி தலைதீபாவளிக்கு வந்தா. மாப்ள நல்ல பையன், பேங்க்ல வேல. இலைல ரெண்டு இட்லிக்கு மேல வாங்கமாட்டேன்னுட்டாரு. இன்னும் ரெண்டு வைங்கன்னு நானே எடுத்து வைக்கப் போனேன், போதும் மாமா, போதும்னு கையக் குறுக்க வச்சு மறிச்சுட்டாரு. வயிறு சரியில்லயாம். மறுநாளே கெளம்பிட்டாவ. சங்கரியும் முன்ன மாதிரி போன்ல பேசுததில்ல. அம்மைட்ட பேசுவா, நான் வாங்குனா, நல்லாருக்கேன்ப்பா, வைக்கட்டுமான்னுவா. கல்யாணம் ஆன பிள்ள, அதுக்கு ஆயிரம் சோலி இருக்கும்னு விட்டுட்டேன்.

பொறவு நல்ல சேதி வந்துச்சு. பிள்ள உண்டாயிருக்கான்னு. ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, எனக்கு அழுகை வந்துட்டு. ஒத்தப் பிள்ள. அவ பொறந்தப்போ நான் கோவில்பட்டில ஆடிட் கேம்ப்ல இருந்தேன், மூஞ்சியவே எட்டாவது நாள்தான் பாத்தேன். இந்தப் பிள்ளையாவது பொறந்த ஒடனே கைல வாங்கணும்னு இருந்தேன். உள்ள அந்த ரூமப் பாருங்க, கதவு தொறந்துதான் கெடக்கு. வெள்ளையடிச்சேன். புதுக் கட்டிலு. தொட்டில் கட்டுததுக்கு உத்தரத்துல வளையம் போட்டேன். வளைகாப்பு முடிச்சுக் கூட்டியாந்து இங்க வச்சிருக்கணும், அதுதான் என் ஆசை. வேற ஒரு ஆசையும் எனக்குக் கெடையாது.

வளைகாப்பு மாசில, கல்லிடைக்குறிச்சில அவங்க வீட்ல. முடிஞ்சதும் பிள்ளையக் கையோட கூட்டியாரணும்னு பெரிய கார் பிடிச்சுப் போனோம். போய் எறங்குதேன், பின்னால பந்தல்ல யாரு நிக்கான்? ஆவுடையப்பன். அவங்க வீட்டு விசேசத்துக்கு அவன் சமையல். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. கல்யாணத்துல சாப்பாடு பிடிச்சுப் போச்சாம், அதனால அவனையே சொல்லிட்டாவளாம். பகவதி என் கையப் பிடிச்சு, ஒண்ணும் பேசாதிய, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவோம்னு சொன்னா. நான் பேசவே இல்ல. சத்தியமா வாயத் தொறக்கல. சங்கரி ரெண்டு கை நெறைய வளையலோட, வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சந்தனம் பூசுனேன். என்னப் பாத்துச் சிரிச்சா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா.

பொறவு பந்தி. சம்மந்தி என்ன மொத இலைல உக்கார வச்சு, அவரே பக்கத்துல நின்னு, சம்மந்திக்கு இத வையி, அத வையின்னு கவனிக்காரு. மனுசன்னா அவருதான். அப்போ எனக்கு ஒரு யோசனை. எல்லாரும் இங்கதான் இருக்காவ. ஆவுடையப்பனும் இருக்கான். சம்மந்தி பக்கத்துல எத்தன பேரு வந்தாவன்னு அவர் வாயால சொல்லிட்டாருன்னா, என் பக்கம் எத்தன பேருன்னு எனக்குத் தெரியும், ரெண்டையும் கூட்டுனா கணக்கு முடிஞ்சுட்டு. இத விட நல்ல நேரம் கெடைக்குமா? சண்டை போடணும்னு இல்ல. ஒரு தெளிவுக்கு. சம்மந்தி, அன்னைக்குக் கல்யாணத்துக்கு ஒங்க பக்கம் எத்தன பேரு வந்திய, சரியாச் சொல்லுங்கன்னு கேட்டேன்.

அவரு சிரிச்சுட்டே, அதெல்லாம் இப்போ எதுக்கு சம்மந்தி, பாயசம் ஊத்தட்டுமான்னாரு. நான் விடல. இல்ல, சொல்லுங்க, ஒரு காரியமாத்தான் கேக்கேன்னேன். சம்மந்தியம்மா அடுக்களை வாசல்ல நின்னா. அவதான் சொன்னா. எரநூறுன்னு சொல்லியிருந்தோம், முந்நூத்துச் சொச்சம் வந்துட்டோம், தப்பு எங்க மேலதான், அதுல நூறு பேருக்கு மேல ஒங்க வாசல் வழியா வரல, நீங்க எங்க நாத்தனாரக் கேட்ட பொறவு எங்க ஆளுக யாரும் அந்த வாசலுக்கு வரமாட்டேன்னுட்டாவ, ஆவுடையப்பன்தான் பின்னால அடுக்களை வழியாக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு எல்லாருக்கும் சோறு போட்டாருன்னா. நீங்க கொறச்ச துட்ட நாங்க அன்னைக்கு ராத்திரியே அவருட்ட குடுத்துட்டோம், ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சங்கரிதான் சொன்னான்னா.

நீங்களே சொல்லுங்க. கல்யாண வீட்ல பொறவாசல் வழியா வந்தா அது என் கணக்குல எப்படி வரும்? அத எங்கிட்ட சொல்ல வேண்டாமா? என்னையக் கேக்காம இவங்க எப்படித் துட்டு குடுக்கலாம்? ஒரு பில்லுக்கு ரெண்டு எடத்துல வாங்கியிருக்கான், பாருங்க. அதுவும் என் மக சம்மந்தப்பட்ட வீட்ல. நான் எச்சிக் கையோட எந்திரிச்சேன். ஆவுடையப்பன் பாயச வாளியோட நிக்கான். சம்மந்தி வீட்ல வாங்குன துட்ட இப்பவே, எல்லாருக்கும் முன்னால, எடுத்து வையின்னேன். அவன் அப்பவும், அண்ணாச்சி உக்காந்து சாப்பிடுங்க, பொறவு பேசிக்கிடலாம்ங்கான். எப்படி நடிக்கான் பாருங்க. நான் இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாப் பேசியிருப்பேன். கோவத்துல என்ன பேசுனேன்னு எனக்கே நெனவில்ல. திருடன்னு சொன்னேன்னு பகவதி சொல்லுதா. சொல்லியிருப்பேன்.

சங்கரி எந்திரிச்சு வந்தா. மெதுவாத்தான் வந்தா, அவளால வேகமா வர முடியாது. வளையல் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பக்கத்துல வந்து நின்னு, சத்தம் போடாமச் சொன்னா.

“அப்பா, கார அனுப்பிருங்க. நான் வரல. அங்க வந்தா எம்பிள்ள குடிக்குத பாலக்கூட நீங்க எண்ணுவிய.”

நான் எண்ணுவேனா? ஒரு அப்பனப் பாத்துச் சொல்லுத வார்த்தையா இது? அம்மா வேணும்னா இங்க இருக்கட்டும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. பகவதி என்னப் பாத்தா, அவளப் பாத்தா, அவ பின்னாலயே போயிட்டா. இத்தன வருசம் கூட வாழ்ந்தவ. நான் வந்த காருல நான் ஒத்தையாத் திரும்பி வந்தேன். பெரிய காரு. பின்னால சீட்டு பூராக் காலி. வழியெல்லாம் அழுதேன்னு சொன்னா நம்புவியளா? டிரைவர் கண்ணாடில பாத்துட்டு ரேடியோவ நிப்பாட்டிட்டான்.

இப்போ மதியம் பக்கத்து மெஸ்ல சாப்பிடுதேன். ராத்திரி ரெண்டு வாழைப்பழம். பகவதிக்குப் போன் போட்டா, வலி எடுத்தா சொல்லுதேன்ங்கா. வரட்டுமான்னு கேட்டா, சங்கரிட்ட கேட்டுச் சொல்லுதேன்ங்கா. என் மகளப் பாக்க நான் அனுமதி கேட்டு நிக்கணும். எல்லாம் யாரால? நூத்திப் பதினெட்டு இலையால.

அதனால ஒங்களுக்குச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அவன் எவ்வளவு தேனாப் பேசுனாலும் மயங்காதிய. இலைய எண்ணுங்க. வேற யாரையும் நம்பாம நீங்களே நாற்காலியப் போட்டு உக்காந்து எண்ணுங்க. நான் செஞ்ச தப்பச் செய்யாதிய. பின்வாசல்லயும் ஒரு ஆளப் போடுங்க. அது ஒண்ணுதான் நான் விட்டது.

என்ன, கெளம்பிட்டியளா? என்ன கேக்கிய, சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னா?

அது எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தன்னைக்கு நான் எங்க சாப்பிட்டேன், வாசல்லலா இருந்தேன். வளைகாப்பன்னைக்கு ரெண்டு கை எடுத்து வச்சிருப்பேன், பேசுத மும்முரத்துல என்னத்தத் தின்னேன்னு தெரியல. நல்லா இருந்துச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ.

நேத்து ராத்திரி பகவதி போன்ல ஒண்ணு சொல்லுதா. கல்யாணத்தன்னைக்கு மத்தியானம் சங்கரி, மாலையக் கூடக் கழத்தாம அடுக்களைக்கே வந்து, எங்கப்பா இன்னும் சாப்பிடல, அவங்களுக்கு ஒரு இலை எடுத்து வைங்கன்னு ஆவுடையப்பன்ட்ட சொன்னாளாம். அவன் ஒரு ஓரமா இலை போட்டு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் விளம்பி, இன்னொரு இலையக் கவுத்தி மூடி வச்சிருந்தானாம். சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துச்சாம். பிள்ள வந்து வந்து பாத்துட்டுப் போனாளாம்.

அப்போ அந்த இலையும் அந்த அறுநூத்தி நாப்பதுல ஒண்ணு. நான் உக்காராத இலைக்கு நான் எதுக்குத் துட்டு குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.